மாதா தலையில் இடித்த உத்தரம்

பூகம்பத்திலிருந்து எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் காப்பாற்ற ஆறு பேர் ஜீப்பில் வந்தார்கள், டீச்சர். பூகம்பம் வரவில்லை. அவர்கள்தான் வந்தார்கள். வந்து ஆறு மாதமாக எங்கள் தெருவையே ஆட்டிவிட்டார்கள்.

டீச்சர்தானே? நீங்கள் பஸ்ஸில் ஏறும்போதே அந்தப் பரீட்சைப் பேப்பர்க் கட்டைப் பார்த்தேன். தஞ்சாவூரா? நல்லது. நான் வேளாங்கண்ணி வரைக்கும். வேண்டுதலா என்று கேட்டீங்களே, வேண்டுதல்தான். எனக்காக இல்லை. என் பிள்ளைகள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள், எனக்கென்ன குறை. எங்கள் தெரு சூசைமாணிக்கத்துக்காகப் போகிறேன். அடுத்தவர்களுக்காக ஜெபிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. யாராவது செய்துதானே ஆகவேண்டும்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு முனிசிபாலிட்டி ஆபீசில் அவனுக்கு விசாரணை. தொட்டியின் உத்தரத்தை உடைத்தது யார் என்று விசாரணை. முப்பத்தோரு வருஷமாக அந்தத் தொட்டிக்கு வால்வு திறந்து மூடுகிறவன். இன்னும் நாலு மாதத்தில் ரிட்டயர். அதற்குள் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. நீக்கிவிட்டால் பென்ஷனும் கிடையாதாம். பாவம், நல்ல மனுஷன். எனக்குத் தம்பி மாதிரி.

எங்கள் தொட்டியை நீங்கள் பார்த்திருக்கமாட்டீங்க. வெள்ளைக்காரன் காலத்துக் கான்கிரீட். எட்டுக் கால். மேலே கவிழ்த்த சிரட்டையும் நிமிர்த்திய சிரட்டையும் சேர்த்து ஒட்டிய மாதிரி பெரிய உருண்டை. ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில், பத்தடிக்கு ஒரு வரிசையாகக் குறுக்கு உத்தரம். இத்தனை வருஷமாக அதை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. கட்சிக்காரர்கள் கொடி கட்டினார்கள். கேபிள்காரர் ஒயர் கட்டினார். நாங்கள் துணி காயப்போடக் கயிறு கட்டினோம். அன்றைக்கெல்லாம் அது வெறும் தொட்டி. திடீரென்று ஒரு நாள் பார்த்தால் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாளே கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பாவாடை சேலையெல்லாம் பாரம்பரியத்துக்கு ஆகாதாம்.

அப்புறம்தான் அந்த ஜீப். பழைய தொட்டியாம், பூகம்பம் வந்தால் தாங்காதாம், தாங்க வைக்கப் போகிறார்களாம். ஆறு பேருக்கும் தலைவி ஒரு பெண். ஷர்மிளா என்று பெயர். என் கடைசி மகளைவிடச் சின்னது. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு இரும்புக் குழலைத் தூணில் வைத்து டக்கென்று அழுத்தும். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும். பக்கத்தில் இருப்பவர் பயபக்தியோடு எழுதிக்கொள்வார். எட்டுக் காலுக்கும் இப்படி. டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. தொட்டி ஒரு காலையாவது உதறும் என்று நானும் வாசலில் நின்று பார்த்தேன்.

ஒரு நாள் ஒரு பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டு எல்லாரும் மூச்சு விடாமல் நின்றார்கள். தொட்டி எவ்வளவு ஆடுகிறது என்று அந்தப் பெட்டி கவனிக்குமாம். நான் கொல்லையில் உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் ஓடி வந்தார்.

"அம்மா, அரை மணி நேரம் இடிக்காம இருங்கம்மா. ரீடிங் தப்பாப் போயிருது."

"ஏன் தம்பி, என் மிளகாய்ப் பொடிக்கே உங்க தொட்டி விழுந்துருமா?" என்றேன்.

மனுஷன் சிரிக்கவே இல்லை. படித்தவர்களுக்குச் சிரிப்பே வராது போலிருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை டீச்சர்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தப் பெண் கெபிக்கு முன்னால் வந்து நின்றது. கெபி தெரியுமில்லையா? மாதா நிற்பதற்குக் குகை மாதிரி கட்டுவோமே, அது. எங்கள் கெபி அந்தத் தொட்டிக்குக் கீழேயே, கிழக்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தது. மற்ற பக்கங்களைப் பார்த்தது. மறுபடியும் அண்ணாந்து பார்த்தது.

"இந்த எடத்துல ஒரு உத்தரம் இருந்திருக்கணுமே. எங்கம்மா?"

"இருந்திருந்தா இருந்திருக்கும்ல, பாப்பா" என்றேன்.

தெருவே நின்றது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் இப்படி ஓர் ஒற்றுமையை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பெண் விடவில்லை. தூணில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைக் காட்டியது. துரு ஏறிய கம்பி. உளியால் வெட்டின தழும்பு இரண்டு பக்கமும் இருக்கிறதாம்.

"எட்டுப் பேரு தலைக்கு மேல ஒரு அண்டா நெறையத் தண்ணியத் தூக்கிட்டு நிக்கிறாங்கன்னு வச்சுக்கங்க" என்று எங்களுக்குப் பாடம் நடத்தியது. "தரை ஆடுது. தண்ணி இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. எட்டுப் பேரும் கை கோத்திருந்தா சமாளிச்சுருவாங்க. இங்க ரெண்டு பேரு கைய வெட்டி விட்டிருக்கு. வெட்டுனதோட விடல. அதே ரெண்டு பேரு நடுவுல செங்கல்ல வச்சு அடைச்சிருக்கு. மத்தவங்க வளைஞ்சு குடுப்பாங்க, இவங்க குடுக்க மாட்டாங்க. அப்ப மொத்தமும் முறுக்கிக்கும். யாரும்மா இதச் செஞ்சது?"

"மாதாமேல பழி போடாத பாப்பா" என்றேன்.

"மாதாவ நான் ஒண்ணும் சொல்லலம்மா. செங்கல்லத்தான் சொல்றேன்."

வாய் பாருங்க!

அதிலிருந்து அரைத் தொட்டிக்கு மேல் தண்ணீர் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. பாதி நிறைந்திருந்தால் ஆபத்து குறைவாம். பூகம்பம் வந்தால் சாவோமோ என்னவோ, அதற்கு முன்னால் தண்ணீர் இல்லாமல் செத்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய். குடத்தடியில் தினமும் சண்டை. தூணுக்கெல்லாம் புதுக் கம்பி சுற்றி, மேலே கான்கிரீட்டில் சட்டை போட்டுவிட்டு, உடைந்த உத்தரத்தைத் திரும்ப வைக்கிறவரைக்கும் இப்படித்தானாம். கெபியையும் இடம் மாற்றினார்கள். அதை மட்டும் மரியாதையாகத்தான் செய்தார்கள், பொய் சொல்லக்கூடாது. வேலிக்கு ஓரமாக வேப்பமரத்து நிழலில் புதிதாகக் கட்டிக் கொடுத்து, அந்தப் பெண்ணே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று மாதா சுரூபத்தை ஏற்றி வைத்தது. இருந்தாலும் மாதாவுக்கு அங்கே வெயில் அடிக்கிறது, சாயங்காலம்.

அந்த உத்தரம் எப்படித்தான் உடைந்தது என்று கேட்கிறீங்களா? யாரோ உடைத்திருக்கிறார்கள்.

யாரோ என்றால்… தெருவில் எல்லாருக்கும் தெரிந்துதான் நடந்தது. ஒருத்தர் மேல் சொல்லமுடியாது. இருங்க, முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் பூமி ஆடியது, டீச்சர். நிஜமாகவே. அலமாரியில் டம்ளரெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டது. வெளியே ஓடி வந்தால், எங்கள் தலைக்கு மேலே அந்தத் தொட்டி. அது எங்கள் தெரு மேல் சாய்ந்தால் முப்பது வீடு. என் வீடு முதல் வீடு. அந்த வாரம் முழுக்க ஒருத்தரும் வீட்டுக்குள் படுக்கவில்லை. முனிசிபாலிட்டிக்கு மனு கொடுத்தோம். "ஆவன செய்யப்படும்" என்று கடிதம் வந்தது. நானும் அப்போது பார்த்தேன், இவர்களை நம்பினால் ஆகாது, தொட்டியை மாதா கையில் ஒப்படைத்துவிடலாம் என்று. எங்கள் தெருக் கிறிஸ்தவ வீடுகளெல்லாம் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி. தொட்டிக்கு அடியிலேயே கெபி கட்டுவது என்று முடிவு செய்தோம். பூகம்பத்துக்குக் காவல். இப்போது ஜீப்பில் வந்தவர்கள் செய்கிற அதே வேலையைத்தான் நாங்கள் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்தோம். எங்களுக்கு மஞ்சள் தொப்பி இல்லை, அவ்வளவுதான்.

தொட்டிக் காம்பவுண்டின் சாவி சூசையிடம். "அரசாங்க இடம்க்கா" என்று இழுத்தான். "மாதாவுக்கு எந்த இடம்டா அரசாங்க இடம்?" என்றேன். திறந்துவிட்டான். நான் சொன்னால் கேட்பான்.

பீடம் ஐந்தடி. அதன் மேல் மாதா சுரூபம் ஐந்தடி, கிரீடத்தோடு. கொத்தனார் ஏற்றி வைத்துப் பார்த்தால் கிரீடம் உத்தரத்தில் இடிக்கிறது. மாதா தலையைக் குனிந்துகொண்டா நிற்பாள்?

"பீடத்த ஒரு அடி கொறைச்சுருவோம்க்கா, முடிஞ்சுபோகும்" என்றான் சூசை.

எப்படிக் குறைப்பது? மேலத்தெரு அந்தோனியார் ஐந்தடிப் பீடத்தில் நிற்கிறார். எங்கள் மாதா நாலடியில் நிற்பதா? மகனுடைய அடியானைவிடத் தாய் கீழேயா? நீங்களே சொல்லுங்க. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, மரியாதைக்காகச் சொன்னேன். மேலத்தெருவில் அந்த ரோஸ்லின் என்ன பேச்சுப் பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியாது.

"அப்ப உத்தரத்தையா உடைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டான் சூசை. "சும்மாவாக்கா போட்டிருப்பான்?"

"வெள்ளைக்காரன் அழகுக்குப் போட்டிருப்பான். எட்டுப் பக்கம் இருக்கு, ஒரு பக்கம் போனா என்ன?" என்றேன்.

சொன்னது நான்தான். சொன்னது மட்டும்தான், டீச்சர். உளியைப் பிடித்தது கொத்தனார். மூன்று நாள் ஆயிற்று. அந்தக் காலத்துக் கான்கிரீட் லேசில் விடவில்லை. சூசைதான் இடிந்த கட்டிகளை எல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினான். கடைசி நாள் அந்த உத்தரம் விழுந்தபோது தூணெல்லாம் ஒரு உதறு உதறியது. நாங்கள் எல்லாரும் "மரியே வாழ்க" என்று பாடிவிட்டோம். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அதற்கப்புறம் எட்டு வருஷம் தொட்டி நின்றதா இல்லையா? நின்றது. யாரால் நின்றது? அதை மட்டும் அந்தப் பெண் எழுதிக்கொள்ளவே இல்லை. நானே போய்ச் சொன்னேன். "எட்டு வருஷமா பூமி ஆடலம்மா, அதனால நின்னுச்சு" என்றது. அதுதானே நானும் சொல்கிறேன். ஆடாமல் பார்த்துக்கொண்டது யார்?

இப்போது பாருங்க, முனிசிபாலிட்டியில் யார் உடைத்தது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது. வீடு வீடாக வந்து கேட்டார்கள். தெரியாது, தெரியாது, நாங்கள் குடி வருவதற்கு முன்னாலேயே இப்படித்தான் இருந்தது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்தத் தெருவிலேயே பிறந்தவர், அவரும் அதையேதான் சொன்னார். கொத்தனார் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கெபியில் என் பெயர் போட்டு ஒரு கல்வெட்டு இருந்தது. ஜீப் வந்த மறுநாள்தான் அதில் அழுக்குப் பிடித்திருப்பதைக் கவனித்தேன். துடைப்பதற்காகக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். நல்ல பளிங்கு. சீக்கிரம் துடைத்தால் கீறல் விழும்.

மிச்சம் இருந்தது சூசை. சாவி அவனிடம் இருந்தது, அதனால் அவன்தான் பதில் சொல்லவேண்டும் என்றுவிட்டார்கள். தெருவில் வைத்துத்தான் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். என் வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காட்டிக்கொடுக்கிற ஜாதி இல்லை அவன். அப்படிப்பட்டவனுக்காக நான் ஒரு வேண்டுதல்கூடச் செய்யாமல் இருந்தால் எனக்கு மனசு கேட்குமா?

போன வாரம் அவன் பெண்சாதி சலேத்தம்மா வந்தாள். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"அக்கா, அன்பியம் சேந்து முடிவு பண்ணித்தான் கட்டுனோம்னு ஒரு வரி எழுதி, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவரு ஒத்த ஆளாச் செய்யலன்னு தெரிஞ்சா வேலை நிக்கும்னு சொல்றாங்க. நாலு மாசம்க்கா. நாலே மாசம்."

எனக்கு மனசெல்லாம் உருகிவிட்டது. அங்கேயே முழங்காலில் நின்றுவிட்டேன். "வா சலேத்து, முதல்ல ஜெபிப்போம்" என்றேன். ஜெபமாலையை எடுத்து ஐம்பத்து மூன்று மணி ஜெபம், மாலையில் ஒரு மணி விடவில்லை. அவளுக்காகவே ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். முடித்துக் கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் இல்லை. தாள் மட்டும் கிடக்கிறது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஜெபத்தில் பொறுமையே கிடையாது.

கையெழுத்துப் போடுவதில் எனக்கொன்றும் இல்லை. என் மூத்தவன் திருப்பூரில் இருக்கிறான், அமலன். அவனிடம் போனில் கேட்டேன். "பொதுச் சொத்துக்குச் சேதம்னா போலீஸ் கேஸும்மா. இந்த வயசுல ஸ்டேஷன் வாசல்ல நிக்கப் போறியா? வாயே தொறக்காத. பேசாம அன்னைக்கு வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வா" என்றான். எவ்வளவு பக்தியுள்ள பிள்ளை பாருங்க. கோயிலுக்குப் போய் வருஷக்கணக்காகிறது, ஆனாலும் சமயத்தில் மாதாதான் நினைவுக்கு வருகிறாள்.

என்ன கேட்டீங்க? நானே போய்ச் சொன்னால் என்ன என்றா?

சுலபமாகக் கேட்டுவிட்டீங்க. நீங்கள் பேப்பர் திருத்துகிறவர், சரி, தப்பு என்று சிவப்பு மையில் போட்டுவிட்டுப் போய்விடலாம். நான் முப்பது வருஷம் அந்தத் தெருவில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவள். ஒவ்வொரு வீட்டிலும் நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். தொட்டிக்குக் காவல் வைக்கிறேன் என்று காலை வெட்டிவிட்டாள் என்று அவர்கள் சிரித்தால்… சரி, அதை விடுங்க. யார் காலையும் நான் வெட்டவில்லை. உத்தரம்தான்.

இருங்க, போன் அடிக்கிறது. சூசைதான். இந்த நேரத்தில் ஏன்…

சொல்லு சூசை… பஸ்ஸில்தான்ப்பா… திருச்சி வரப்போகுது… ம்… என்னன்னு எழுதியிருக்கே?… நீ ஒருத்தனா? யாருடா சொன்னா உன்னை அப்படி எழுதச் சொல்லி?… இல்ல சூசை, நான் என்ன சொல்றேன்னா… ம்… ம்… சலேத்து என்ன சொன்னா?… சரி… சரிப்பா… ஏத்துறேன். வச்சிரு.

ஒன்றுமில்லை. நல்ல செய்திதான்.

எழுதிக்கொண்டு போகிறானாம். கெபி கட்டியதும், உத்தரத்தை உடைத்ததும் நான் ஒருவனே, தெருவாருக்கு எதுவும் தெரியாது என்று. பதினோரு மணிக்குக் கொடுத்துவிடுவானாம். "யாரு சொல்லியிருந்தாலும் சாவி என்கிட்டத்தானக்கா இருந்துச்சு. நான் தொறந்துவிட்டிருக்கக் கூடாது. உங்க பேரு எதுக்கு இந்த வயசுல அடிபடணும்" என்கிறான். எனக்காக அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கக்கா என்கிறான். சலேத்து பேசவே இல்லையாம், சமையல் செய்யவும் இல்லையாம்.

பாருங்க டீச்சர், மாதா கேட்டுவிட்டாள். நான் இன்னும் திருச்சிகூடத் தாண்டவில்லை. கேஸ் கிடையாது. தெருவுக்கு ஒன்றும் கிடையாது. என் பெயரும் வெளியே வராது. நான் கேட்டதற்கு மேலேயே…

ஏன் டீச்சர், பேப்பர்க் கட்டை எடுத்துப் பிரிக்கிறீங்க? இவ்வளவு நேரம் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தீங்களே.

நான் அங்கே போய் என்ன கேட்பேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு வரி சொல்லிப் பார்த்துக்கொள்வேன், கூட்டத்தில் மறந்துவிடும் என்று. "தாயே, சூசையைக் காப்பாத்து." சரிதானே? அதற்காகத்தானே இவ்வளவு தூரம். ஆனால் அவள் திருப்பிக் கேட்டுவிட்டால்? யாரிடமிருந்து காப்பாற்றவேண்டும் என்று கேட்டுவிட்டால், டீச்சர்?

இல்லை, அழவில்லை. சன்னல் காற்று.

மணி என்ன ஆகிறது? எட்டரையா. திருச்சியில் இறங்கி உடனே எதிர் பஸ் கிடைத்தால் பத்தே முக்காலுக்குப் போய்விடலாம், இல்லையா?

கண்டக்டர் தம்பி! என்னை ஸ்டாண்டில் இறக்கிவிட்டுரு… ஆமாம்ப்பா, டிக்கெட் வேளாங்கண்ணிக்குத்தான் எடுத்தேன்… மாதா எங்கேயும் போயிடமாட்டா. எங்க ஊரு ஆபீஸ்லதான் பதினோரு மணிக்கு வேலையை முடிச்சுருவாங்க.

அப்படிப் பார்க்காதீங்க டீச்சர். நேரே போய் எல்லாவற்றையும் கொட்டிவிடப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீங்க. எனக்கே அந்த நம்பிக்கை இல்லை. திரும்பிப் போக இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் எனக்கு நானே எத்தனை சமாதானம் சொல்லிக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் செய்யுங்க. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ எனக்குத் தெரியாது. அந்தச் சாமியிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. போகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. உட்கார்ந்தால், ஆறு பேர் ஜீப்பில் வந்தார்கள் என்று மறுபடியும் ஆரம்பித்துவிடுவேன்.